கொடியில் எட்டாவது குறி

‘ஏழு சாமுராய்’ படத்தை நான் தனியாக உட்கார்ந்து பார்த்ததே இல்லை. ஒவ்வொரு முறையும் பக்கத்தில் யாராவது இருந்தார்கள். அவர்கள் திரையில் யாரைப் பார்த்தார்களோ அந்த முகம் அதற்குப் பிறகு என்னையும் விடவில்லை. இந்தப் படத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி, பக்கத்து நாற்காலியிலிருந்து வந்ததுதான்.

முதன்முதலில் பார்த்தது கல்லூரி நாட்களில், சென்னையில் ஒரு திரைப்படச் சங்கத்தின் திரையிடலில். 16 மி.மீ. படச்சுருள், அடியில் ஆங்கில வரிகள், மின்விசிறியோடு போட்டிபோட்டு இரைச்சலிடும் புரொஜெக்டர். என்னோடு வந்தவன் விடுதி அறைத்தோழன். திருவாரூர்ப் பக்கத்துக்காரன். அவன் அப்பா குத்தகைக்கு உழுதவர். சண்டைப் படம் என்று சொல்லித்தான் அவனை அழைத்துப் போனேன்.

அகிரா குரோசாவா இயக்கி, டோஹோ நிறுவனம் 1954 ஏப்ரலில் வெளியிட்ட படம் அது. முழு நீளம் 207 நிமிடம். நடுவே இடைவேளையும் உண்டு. கதை 1586-இல் நடக்கிறது. ஜப்பானில் பிரபுக்களின் போர்கள் இன்னும் ஓயாத காலம். மலையடிவாரத்து ஊர் ஒன்றை, அறுவடை முடிந்ததும் கொள்ளையடிக்க நாற்பது பேர் கொண்ட கும்பல் காத்திருக்கிறது. ஊர்ப் பெரியவர் கிஸாக்கு, சாமுராய்களைக் கூட்டி வரச் சொல்கிறார். கூலி கொடுக்க ஊரில் காசில்லை. அதனால் பசித்த சாமுராய்களாகப் பார்த்துக் கூட்டி வாருங்கள் என்கிறார். கூலி, வேளா வேளைக்கு அரிசிச் சோறு மட்டும்.

அந்தச் சோற்றுக்கு வந்து சேரும் ஏழு பேரையும் அன்று இமைக்காமல் பார்த்தேன். ஒரு குழந்தையைக் காப்பாற்றுவதற்காக, குடுமியை மழித்துத் துறவி வேடம் பூணத் தயங்காத கம்பெய். கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் அடியை வாசலிலேயே கண்டுகொண்டு சிரிக்கும் கோரோபெய். சாப்பாட்டுக்காக விறகு பிளந்துகொண்டிருக்கும் ஹெய்ஹாச்சி. கம்பெய்யின் பழைய போர்த்தோழன் ஷிச்சிரோஜி. வாளைத் தவிர வேறெதுவும் வேண்டாத கியூஸோ. வசதியான வீட்டிலிருந்து கிளம்பி வந்த இளைஞன் கட்சுஷிரோ. யாரும் அழைக்காமலே பின்தொடரும் கிகுச்சியோ. ஒரே நாடு, ஒரே மொழி, ஏழு பேரும் ஆண்கள். ஆனாலும் அவர்கள் உட்காரும் விதம், சிரிப்பு, பசி, பயம் எதுவும் ஒன்றுபோல் இல்லை. ஒருவரை இன்னொருவராக நினைத்துக் குழம்ப வழியே இல்லாமல் குரோசாவாவும் அவரோடு எழுதிய ஷினோபு ஹஷிமோட்டோ, ஹிடேயோ ஒகுனி இருவரும் அவர்களைச் செதுக்கியிருந்தார்கள்.

தோழன் அவர்களை அவ்வளவாகப் பார்க்கவில்லை. நகரத்துச் சத்திரத்தில் நடக்கும் ஒரு காட்சியில் அவன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். சாமுராய் தேடி வந்த குடியானவர்கள் அந்தச் சத்திரத்தின் மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறார்கள். அங்கே தங்கியிருக்கும் கூலியாட்கள் நாள் முழுக்க அவர்களைக் கிண்டல் செய்கிறார்கள். கம்பெய் தயங்குகிறார். அப்போது அந்தக் கூலியாட்களில் ஒருவன் சோற்றுக் கிண்ணத்தை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டுகிறான். உங்களுக்கு இந்த வெள்ளைச் சோற்றைப் போட்டுவிட்டு இவர்கள் என்ன தின்கிறார்கள் தெரியுமா என்று கத்துகிறான். குடியானவர்கள் தின்பது குதிரைவாலி போன்ற ஒரு சிறுதானியம். கம்பெய் கிண்ணத்தை வாங்கிக்கொள்கிறார். இந்தச் சோற்றை வீணாக்க மாட்டேன் என்கிறார். படத்தின் ஒப்பந்தம் அந்த இடத்தில்தான் கையெழுத்தாகிறது. குடியானவர்களுக்காகப் பேசியவன், அவர்களைவிட ஒரு படி கீழே, நிலமும் ஊரும் இல்லாமல் கிடந்தவன். அவனுக்குப் படத்தில் பெயர்கூட இல்லை.

படம் முடிந்து தேநீர்க் கடைக்கு வந்தபோது நான் கியூஸோவின் வாள்வீச்சைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவன் கேட்டான்:

“நெல்லை ஒளிச்சு வச்சத ஏன்டா அவ்வளவு கேவலமா பேசுறாங்க? ஒளிச்சு வைக்கலன்னா புள்ளைங்க எதைத் திங்கும்?”

அவன் சொன்னது படத்தின் மையத்தில் இருக்கும் காட்சியை. கிகுச்சியோ ஊருக்குள் போய், குடியானவர்கள் பதுக்கி வைத்திருந்த கவசங்களையும் ஆயுதங்களையும் குதூகலமாக அள்ளிக்கொண்டு வருகிறான். மற்ற சாமுராய்களின் முகம் இறுகிவிடுகிறது. அவை போரில் தோற்று ஓடிவந்த சாமுராய்களைக் கொன்று உரித்தெடுத்தவை. அப்படிப்பட்ட வேட்டை அந்தக் காலத்தில் நிஜமாகவே நடந்தது. 1582-இல் யமசாக்கிப் போரில் தோற்றுத் தப்பியோடிய அகெச்சி மிட்சுஹிடே என்ற பெரும் பிரபுவே வழியில் குடியானவர்கள் கையால் மாண்டார் என்பது ஜப்பானில் வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. இந்த ஊர்க்காரர்கள் எல்லோரையும் வெட்டிப் போடலாம்போல் இருக்கிறது என்கிறான் கியூஸோ, குரலை உயர்த்தாமலே.

அங்கே கிகுச்சியோ வெடிக்கிறான். ஆமாம், குடியானவன் கஞ்சன், கள்ளன், கோழை, கொலைகாரன்; தரையைத் தோண்டிப் பார், அரிசி இருக்கும், உப்பு இருக்கும், சாராயம் இருக்கும் என்று அடுக்குகிறான். எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, அவனை அப்படி ஆக்கியது யார் என்று திருப்பிக் கேட்கிறான். போர் என்று வந்தால் ஊரை எரிப்பவர்கள் நீங்கள். விளைந்ததை வாரிக்கொண்டு போகிறவர்கள் நீங்கள். பெண்களைச் சிதைப்பவர்கள் நீங்கள். எதிர்த்தால் கொல்பவர்களும் நீங்கள். அவன் என்னதான் செய்வான்? தோஷிரோ மிஃபுனே கேமராவுக்கு மிக அருகில் வந்து இதைக் கத்துகிறார். பேச்சு முடிந்ததும் குரோசாவா கம்பெய்யைக் காட்டுகிறார். தகாஷி ஷிமுராவின் கண்கள் நனைந்திருக்கின்றன. நீ குடியானவன் மகன்தானே என்று மட்டும் கேட்கிறார். பதில் சொல்லாமல் கிகுச்சியோ வெளியே ஓடிவிடுகிறான்.

ஒரு படைப்பில் யாருக்கு இடம் இருக்கிறது என்ற கேள்விக்கு அந்தக் காட்சியைவிட நல்ல பதிலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. குடியானவனைக் குரோசாவா புனிதனாக்கவில்லை. அவன் பொய் சொல்கிறான், பதுக்குகிறான், கொன்றும் இருக்கிறான். அத்தனையோடும் சேர்த்து அவன் பக்கத்து வழக்கு முன்வைக்கப்படுகிறது. அந்த வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர்கள் படத்தின் நாயகர்கள். குரோசாவாவின் குடும்பமே பழைய சாமுராய் மரபில் வந்தது என்பதை நினைத்தால், அவர் யாரைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்க வைத்தார் என்பது இன்னும் துலங்கும். கேள்வியைக் கத்திக் கேட்ட மிஃபுனே சீனத்தின் சிங்தாவ் நகரில் 1920-இல் பிறந்தவர். சீனத்திலேயே வளர்ந்து, ராணுவத்துக்கு எடுக்கப்பட்டவர். போர் முடிந்த பிறகுதான் ஜப்பானில் வாழ்க்கையைத் தொடங்கினார். வெளியிலிருந்து உள்ளே நுழையத் தவிக்கும் அந்தப் பாத்திரத்தை அவரைத் தவிர வேறு ஒருவரில் என்னால் கற்பனை செய்யவே முடியவில்லை.

கிகுச்சியோ தன்னைச் சாமுராய் என்று நிரூபிக்க ஒரு வம்சாவளிச் சுருளை நீட்டுவான். அதில் குறித்திருக்கும் பிறந்த ஆண்டு 1574. பிறந்ததும் ஒரு வயது என்று எண்ணும் அன்றைய ஜப்பானியக் கணக்கில் அவனுக்குப் பதின்மூன்று வயதுதான் ஆகிறது. சுருள் திருடியது என்று தெரிந்து எல்லோரும் சிரிக்கிறார்கள். அன்று அரங்கத்திலும் சிரித்தார்கள். பின்னாளில் ஜப்பானிய வரலாற்றைப் படித்தபோது அந்தச் சிரிப்பு தொண்டையில் நின்றது. கதை நடக்கும் காலத்திலிருந்து இரண்டே ஆண்டுகளில், 1588-இல், அப்போது ஜப்பானை ஆண்ட டொயோட்டோமி ஹிடேயோஷி குடியானவர்களிடமிருந்த வாள்களையெல்லாம் பறிமுதல் செய்ய ஆணையிட்டார். 1591-இல் வந்த ஆணை போர்வீரன், குடியானவன், நகரத்தான் என்ற பிரிவுகளை யாரும் தாண்டக்கூடாது என்று இறுக்கியது. அந்த ஹிடேயோஷியே எளிய குடியில் பிறந்து, வாள் பிடித்து மேலே வந்தவர். அவர் ஏறிவந்த படியை அவரே அடைத்தார். கிகுச்சியோ கதவு சாத்தப்படுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஓடிவந்து நுழைந்தவன்.

இப்போது அந்தக் கொடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹெய்ஹாச்சி தைக்கிற கொடியில் ஆறு வட்டங்கள் ஆறு சாமுராய்களுக்கு. கிகுச்சியோவுக்கு வட்டம் கிடையாது, ஒரு முக்கோணம். எல்லாவற்றுக்கும் அடியில் ஊரைக் குறிக்கும் ஒற்றை எழுத்து. மேலே வட்டங்கள், கீழே ஊர், இரண்டுக்கும் நடுவில் எதோடும் ஒட்டாத முக்கோணம். ஹெய்ஹாச்சி செத்த அன்று கூரைமேல் ஏறி அந்தக் கொடியை நட்டவன் கிகுச்சியோதான். தோழன் அந்தக் கொடியைத் தன் நோட்டில் வரைந்து வைத்திருந்தான். ஊருக்கான எழுத்தை மட்டும் பெரிதாக, அழுத்தமாக.

அந்த ஊரும் ஒன்றுபட்ட ஒரே ஊர் இல்லை என்பதைக் காட்டுகிற நேர்மை குரோசாவாவுக்கு இருந்தது. ஓடைக்கு அப்பால் மூன்று வீடுகள். இப்பால் இருபது வீடுகளைக் காப்பதற்காக அந்த மூன்றையும் கைவிடவேண்டும் என்று கம்பெய் திட்டம் போடுகிறார். அந்த மூன்றில் ஒரு வீட்டுக்காரனான மோசுகே, தன்னைப்போன்ற வீட்டுக்காரர்களை அழைத்துக்கொண்டு வரிசையிலிருந்து வெளியேறுகிறான். கம்பெய் வாளை உருவிக்கொண்டு அவர்களை விரட்டிப் பழையபடி வரிசையில் நிறுத்துகிறார். இருபதுக்காக மூன்று என்பது போர்க்கணக்கில் சரி. அந்த மூன்று வீடுகளும் எரியும்போது மோசுகேவின் பக்கமிருந்து பார்க்கிறவனுக்குத்தான் அந்தக் கணக்கின் விலை தெரியும். பெரும்பான்மையின் நன்மைக்காகச் சிலரை விட்டுக்கொடுப்பது பற்றி எத்தனையோ கட்டுரைகள் படித்திருக்கிறேன். எதுவும் அந்த எரியும் கூரைகள் அளவுக்கு என்னைக் கேள்வி கேட்டதில்லை.

படம் வெளியான 1954-இல் இதைப் பார்த்த ஜப்பானியக் குடியானவர்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். போருக்கு முன் அந்நாட்டின் விளைநிலத்தில் ஏறக்குறைய பாதி குத்தகையில் இருந்தது. 1946-இல் தொடங்கிய நிலச்சீர்திருத்தம் அதை 1950 வாக்கில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. தலைமுறை தலைமுறையாகப் பிறர் நிலத்தில் உழுதவர்கள், சொந்த நிலத்தில் நாலைந்து அறுவடை பார்த்த பிறகு திரையரங்கில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். கடைசிக் காட்சியில் நடவுப் பாட்டு பாடிக்கொண்டு வயலில் நிற்கும் ஊரைப் பார்த்துவிட்டு, மீண்டும் நாம் தோற்றோம், வென்றது அந்தக் குடியானவர்கள்தான் என்கிறார் கம்பெய். அந்த வாக்கியம் அவர்கள் காதில் எப்படி விழுந்திருக்கும்! என் தோழனின் அப்பாவுக்கு இதைச் சொன்னபோது அவர் வெகுநேரம் ஜப்பானில் ஏக்கருக்கு என்ன விளையும் என்றே கேட்டுக்கொண்டிருந்தார்.

வருடங்கள் போயின. குறுந்தகடு வந்து, படம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்ட காலம். ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த அத்தைக்கு ஒரு மத்தியானம் அதைப் போட்டுக் காட்டினேன். ஆங்கில வரிகள் அவருக்கு வராது. நான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். ரிகிச்சி என்ற இளம் குடியானவனிடம் ஹெய்ஹாச்சி விளையாட்டாகக் கல்யாணப் பேச்சு எடுக்க, அவன் முகம் கறுத்து எழுந்து ஓடுகிற இடத்திலேயே அத்தை சொல்லிவிட்டார்:

“அவன் பொண்டாட்டியைத் தூக்கிட்டுப் போயிருக்கானுவ. பாரு.”

அப்படித்தான். ரிகிச்சியும் சாமுராய்கள் சிலரும் கொள்ளையர்களின் குடிலுக்கு அதிகாலையில் தீ வைக்கப் போகிறார்கள். உள்ளே பட்டுடுத்திய ஒரு பெண் விழித்தெழுகிறாள். கூரையில் தீப்பிடிப்பதைக் காண்கிறாள், கூச்சல் போடவில்லை. முகத்தில் மெதுவாக ஒரு புன்னகை பரவுகிறது. வெளியே வந்தவள் எதிரே தன் கணவனைக் கண்டதும் அப்படியே திரும்பி நெருப்புக்குள் ஓடிவிடுகிறாள். யூகிகோ ஷிமசாக்கி நடித்த அந்தப் பாத்திரத்துக்குப் படத்தில் ஒரு சொல்கூடக் கிடையாது.

அத்தை படத்தை நிறுத்தச் சொன்னார். “அவ வாயைத் திறக்கவே இல்லையேடா. எல்லாரும் அவளைப் பத்தித்தான் மறைச்சு மறைச்சுப் பேசுறாங்க. அவ ஒரு வார்த்தை பேசியிருந்தா என்ன சொல்லியிருப்பா?”

அந்தக் கேள்வியோடு பார்த்தால் படத்தின் பெண்கள் ஒவ்வொருவராக வெளிச்சத்துக்கு வருகிறார்கள். சாமுராய்கள் வருகிறார்கள் என்றதும் மான்ஸோ தன் மகள் ஷினோவைப் பிடித்து உட்காரவைத்துக் கூந்தலை அறுத்து ஆண்பிள்ளை வேடம் போடுகிறான். அவள் கட்சுஷிரோவோடு இருந்தது தெரிந்ததும் ஊர் பார்க்க அடிக்கிறான். ஈட்டி பாய்ந்த உடம்போடு கைக்குழந்தையைக் கிகுச்சியோவின் கையில் கொடுத்துவிட்டுச் சாகிறாள் ஒரு தாய்; இது நான், எனக்கும் இப்படித்தான் நடந்தது என்று அவன் ஓடைநீரில் உட்கார்ந்து அழுகிறான். குடும்பம் முழுவதையும் கொள்ளையரிடம் பறிகொடுத்த ஒரு கிழவி, பிடிபட்டவனைக் கொல்லக் களைக்கொட்டோடு தள்ளாடி வருகிறாள், ஊர் வழிவிடுகிறது. இந்தப் பெண்களின் காயங்களைக் குரோசாவா ஆழமாகப் பார்த்திருக்கிறார். ஆனால் அந்தக் காயங்களுக்கான வழக்கை வாதாடும் வாய் எப்போதும் ஓர் ஆணுடையது. பெண்களைச் சிதைத்தீர்கள் என்று சாமுராய்களைப் பார்த்துச் சொல்பவனும் கிகுச்சியோதான்.

அவருக்குப் பெண்ணை எழுத வராது என்று இதற்குச் சமாதானம் சொல்ல முடியாது. 1946-இல் அவர் எடுத்த ‘நம் இளமைக்கு வருத்தமில்லை’ படத்தில் செட்சுகோ ஹாரா நடித்த யூக்கியே, இறந்துபோன கணவனின் கிராமத்துக்குப் போய், துரோகியின் குடும்பம் என்று ஊர் ஒதுக்கிய மாமியாரோடு சேற்றில் இறங்கி நாற்று நடுகிறாள். அவள் வாழ்க்கையை அவளே தேர்ந்தெடுக்கிறாள், அதை வாய்விட்டும் சொல்கிறாள். அப்படிப்பட்டவளைப் படைத்த கை எட்டு ஆண்டுகளில் ரிகிச்சியின் மனைவியை ஊமையாக விட்டது எனக்கு இன்றும் வலிக்கிறது. அந்த முகம் மறக்க முடியாதது என்பதால்தான் அந்த வலி.

அண்மையில் என்னோடு பார்த்தவள் அண்ணன் மகள். விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிறாள். ‘ஏழு சாமுராய்’ ஹாலிவுட்டில் ‘தி மேக்னிஃபிசென்ட் செவன்’ என்று 1960-இலும் 2016-இலும் எடுக்கப்பட்டது. வகுப்பில் பன்முகத்தன்மையைப் பற்றிப் பேச அந்த இரண்டையும் காட்டியிருந்தார்கள். அவள் ஜப்பானிய மூலத்தைப் பார்க்க விரும்பினாள். நாங்கள் மூன்றையும் அடுத்தடுத்துப் பார்த்தோம்.

1960-இன் கதை மெக்ஸிகோ நாட்டு ஊருக்குப் போகிறது. கிகுச்சியோவையும் கட்சுஷிரோவையும் ஒன்றாக்கிச் சீக்கோ என்ற மெக்ஸிகோக் குடியானவன் மகனை உருவாக்கினார்கள். அவனாக நடிக்க வந்தவர் ஹோர்ஸ்ட் புக்ஹோல்ஸ் என்ற ஜெர்மானியர். 2016-இன் எழுவரில் கறுப்பர் தலைவராக இருக்கிறார். கிழக்காசியர், மெக்ஸிகோக்காரர், அமெரிக்கப் பூர்வகுடி ஒருவர் என எல்லோரும் இருக்கிறார்கள். உதவி தேடிப் போகிறவளும் ஒரு பெண். அவள் துப்பாக்கி எடுத்துச் சுடவும் செய்கிறாள். இந்த மாற்றங்களை நான் மனதார வரவேற்கிறேன். தன்னைப்போன்ற முகத்தை நாயகர் வரிசையில் ஒரு சிறுவன் காண்பது சின்ன விஷயமில்லை. ஆனால் 2016 படத்தில் அண்ணன் மகள் கவனித்தது இன்னொன்று. “சித்தப்பா, இதுல ஏழு பேரும் ஏழு விதமா இருக்காங்க. ஆனா காப்பாத்த வந்தவங்களைப் பார்த்து, எங்களை இப்படி ஆக்கினதே நீங்கதான்னு சொல்ல ஒருத்தரும் இல்லையே.” கிகுச்சியோவின் முக்கோணம் காணாமல் போயிருந்தது.

பிறகு மூலப்படத்தின் கவசக் காட்சியைத் திரும்ப ஓட்டிக் காட்டி அவள் கேட்டாள்: “அந்தக் கவசத்துல தோல் இருக்கும்ல? அந்தத் தோலைப் பதப்படுத்தினவங்க இந்த ஊர்ல எங்க இருக்காங்க?”

நானாக ஒருநாளும் கேட்டிராத கேள்வி அது. அந்தப் போர்க்காலத்துப் பிரபுக்களுக்குக் கவசத்துக்கும் சேணத்துக்கும் தோல் வேண்டியிருந்தது. செத்த மாட்டையும் குதிரையையும் உரித்துத் தோல் பதனிட்டவர்களைத் தீட்டுப்பட்டவர்கள் என்று தள்ளி வைத்துக்கொண்டே அவர்களின் உழைப்பை வாங்கிக்கொண்டார்கள். 1603-இல் தொடங்கிய தொக்குகாவா ஆட்சியில் அந்த ஒதுக்கல் பிறப்பால் வரும் நிலையாகக் கெட்டிப்பட்டது. 1871-இல் மெய்ஜி அரசு சட்டப்படி அதை ஒழித்தது. இருந்தும் திருமணத்திலும் வேலையிலும் ஒதுக்கல் தொடர்ந்ததால், புராகுமின் என்று அழைக்கப்படும் அம்மக்கள் 1922-இல் கியோத்தோவில் கூடிச் ‘சுய்ஹெய்ஷா’ என்ற சமத்துவ இயக்கத்தைத் தொடங்கினார்கள். தோல், தீட்டு, ஊருக்கு வெளியே ஒரு தெரு என்ற வரலாற்றைத் தமிழ் வாசகருக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. படத்தில் அவர்கள் இல்லை. கொல்லப்பட்ட சாமுராய்க்காகக் கியூஸோ கொதிக்கிறான். கொள்ளைபோன குடியானவனுக்காகக் கிகுச்சியோ கொதிக்கிறான். இருவருக்கும் நடுவே தரையில் கிடக்கும் கவசத்தைச் செய்த கைகளுக்காகக் கொதிக்க அந்த அறையில் ஆள் இல்லை.

இதைச் சொல்வதால் படம் எனக்குச் சிறுத்துப்போகவில்லை. இந்தக் கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொடுத்ததே அந்தப் படம்தான். நாயகர்கள் கூடியிருக்கும் அறைக்குள், வெளியே நிற்கவேண்டியவன் ஒருவன் வந்து உங்களால்தான் என்று சொல்லலாம். சொன்னதைக் கேட்டு வாள் வைத்திருப்பவர் கண் கலங்கலாம். அதன் பிறகும் அவர்கள் ஒன்றாக நின்று ஓர் ஊரைக் காக்கலாம் என்று அது காட்டிவிட்டது. காட்டிய பிறகு, அடுத்து யார் வரவேண்டும் என்று கேட்காமல் இருக்க முடியாது. ஒரு படைப்பில் எத்தனை வகை மனிதர்கள் இருக்கிறார்கள் என்று எண்ணுவது அவசியம். அது முதல் கணக்கு. அவர்களில் யாருக்குக் குற்றம் சாட்டும் குரல் இருக்கிறது, அதைக் கேட்க எதிரே யார் நிற்கிறார்கள் என்பது இரண்டாவது கணக்கு. முதலாவதைப் போட்டுவிட்டு இரண்டாவதை விட்டுவிடும் படங்கள் பெருகிவரும் காலம் இது.

அண்ணன் மகள் இப்போது ஒரு குறும்படத்துக்குக் கதை எழுதிக்கொண்டிருக்கிறாள். அதே 1586, அதே மலையடிவாரம். தோல் பதனிடுகிற ஒருவரின் மகள்தான் நாயகி. என்னிடம் யோசனை கேட்டாள். அந்தப் பெண்ணுக்கு நிறைய வசனம் கொடு என்றேன். அவள் பேசும்போது எதிரே யாரையாவது நிறுத்து, கடைசி வரைக்கும் அவர்கள் கண்ணை விலக்காமல் கேட்கட்டும் என்றும் சொன்னேன்.